காட்டுமரப் பொன்சாய்

காட்டுமரப் பொன்சாய் என்பது காடு, மேய்ச்சல் நிலம், தரிசு, வேலி, பாழ்ச்சுவர் முதலிய இடங்களில் தானாக முளைத்து, இயற்கையின் இடர்களால் குட்டையாகிப்போன முதிர்ந்த மரத்தை வேருடன் பெயர்த்தெடுத்து, தொட்டியில் தேற்றி, பொன்சாயாக வடிவமைக்கும் முறை ஆகும். இவ்வாறு எடுக்கப்படும் மரம் ஜப்பானிய மொழியில் யமதோரி எனப்படும். 'யம' என்பது மலையையும் 'தோரி' என்பது எடுத்தலையும் குறிக்கும்.

விதையிலிருந்தோ போத்திலிருந்தோ வளர்க்கப்படும் பொன்சாயில் அடிமரம் பருப்பதற்கே பல ஆண்டுகள் ஆகும். தொட்டிக்குள் அடைபட்ட மரம் மிக மெதுவாகவே பருக்கும். காட்டு மரத்திலோ பருத்த அடிமரம், மேல்நோக்கிச் சிறுத்துச்செல்லும் தண்டு, வெடித்த பட்டை, பட்டுப்போன கிளைகளின் வடு ஆகிய அனைத்தும் முன்னரே அமைந்திருக்கின்றன. வளர்ப்பவர் கிளைகளையும் வேரையும் மட்டுமே புதிதாக உருவாக்கவேண்டும். இம்முறையின் சிறப்பும் இடரும் இதிலேயே அடங்கியுள்ளன. ஐம்பது ஆண்டுகள் வறட்சியைத் தாங்கி நின்ற மரம், தவறான பருவத்தில் தவறான முறையில் எடுக்கப்பட்டால் இரண்டு மாதங்களுக்குள் பட்டுவிடும். ஆகையால் எந்த மரத்தை எடுக்கலாம், எதனை நின்ற இடத்திலேயே விட்டுவிடவேண்டும் என்னும் தெளிவு இக்கலையின் முதற்பாடமாகக் கருதப்படுகின்றது.

தமிழ்நாட்டில் கோவில்பட்டியைச் சூழ்ந்துள்ள கரிசல் வறள்நிலம், மரங்கள் எவ்வாறு இயற்கையாகக் குட்டையாகின்றன என்பதை அறிந்துகொள்ள ஏற்ற இடமாகும். இக்கட்டுரை அந்நிலத்தின் மரங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகின்றது.

வரலாறு

தட்டில் சிறு மரங்களையும் கற்களையும் வைத்து அழகூட்டும் வழக்கம் சீனாவில் தோன்றியது. கி.பி. 706 இல் அமைக்கப்பட்ட இளவரசர் சாங்குவாயின் கல்லறைச் சுவரோவியத்தில், பணியாளர் ஒருவர் சிறு செடிகள் வைக்கப்பட்ட தட்டினை ஏந்திச்செல்வது வரையப்பட்டுள்ளது. சீனாவில் பென்சிங் எனப்படும் இக்கலை ஜப்பானுக்குச் சென்று பொன்சாயாக வளர்ந்தது. தொடக்க காலத்தில் மலைகளிலிருந்து எடுக்கப்பட்ட மரங்களே பெரிதும் போற்றப்பட்டன.

ஜப்பானில் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிம்பாகு எனப்படும் ஊசியிலை மரத்துக்குப் பெருந்தேவை ஏற்பட்டது. சிகோகு தீவின் இசிசுச்சி மலையிலும், நீகாத்தா மாநிலத்தின் இத்தோயிகாவாப் பகுதியிலும் மரம் எடுப்போர் செங்குத்தான பாறைகளில் கயிறு கட்டித் தொங்கி மரங்களைப் பெயர்த்தனர். தவறி விழுந்து இறந்தவர்களும் உண்டு. சில பத்தாண்டுகளுக்குள் அம்மலைகளில் எடுக்கத்தக்க முதிர்ந்த மரங்கள் ஏறக்குறைய தீர்ந்துபோயின. இன்று விற்கப்படும் சிம்பாகு மரங்களுள் மிகப் பெரும்பாலானவை போத்திலிருந்து வளர்க்கப்படுபவை.

இதே நிலை வெப்பமண்டலக் கடற்கரை மரமான பெம்ஃபிஸ் அசிதுலா என்பதற்கும் நேர்ந்தது. பவளப் பாறை மேல் உப்புக்காற்றில் முறுகி வளரும் இம்மரம் இந்தோனேசியாவில் சந்திகி என்றும், பிலிப்பைன்சில் பந்திகே என்றும் வழங்குகின்றது. பொன்சாய்க்காக இது பெருமளவில் பெயர்க்கப்பட்டதால் பிலிப்பைன்சில் இதனை இயற்கை வாழிடத்திலிருந்து எடுப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. கோவில்பட்டிக்குக் கிழக்கே மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் இம்மரம் காணப்படுகின்றது. அத்தீவுகள் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டமையால் அங்குள்ள மரங்கள் தப்பியுள்ளன எனலாம்.

இந்தியாவில் பொன்சாய் வளர்ப்பு 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரங்களில் பரவியது. 'வாமன விருட்சக் கலை' என்னும் பெயரும் இதற்கு வழங்குகின்றது. மைசூரில் உள்ள கிட்கிந்தா மூலிகா பொன்சாய்த் தோட்டம் பொதுமக்கள் சென்று பார்க்கத்தக்க பெரிய தோட்டங்களுள் ஒன்று. இந்திய வளர்ப்பாளர்கள் பைன் முதலிய குளிர்நாட்டு மரங்களை விட்டு ஆல், இச்சி, புளி, வேல் முதலியவற்றைக் கையாளத் தொடங்கியபின்னரே இக்கலை இந்நாட்டுக்குரிய வடிவம் பெறலாயிற்று.

கரிசல் நிலத்தில் மரம் குட்டையாதல்

கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டத்தின் வடமேற்கில் உள்ளது. இதனைச் சுற்றியுள்ள எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், வடக்கே சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகியவை கரிசல் மண் நிறைந்த பகுதிகளாகும். இம்மண்ணில் மானாவாரிப் பயிர்களை ஆராயும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901 ஆம் ஆண்டு முதல் கோவில்பட்டியில் இயங்கிவருகின்றது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 700 மி.மீ. ஆகும். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கின்றது. எஞ்சிய மாதங்களில் மரங்கள் மண்ணின் ஆழத்திலுள்ள ஈரத்தை நம்பியே வாழ்கின்றன.

கரிசல் மண்ணின் களிமம் நீரை உறிஞ்சும்போது விரிந்து, காயும்போது சுருங்கும் தன்மையுடையது. மழைக்காலத்தில் காலைப் பிடித்து இழுக்கும் சேறாகும் இம்மண், சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆழமான வெடிப்புகள் ஒரு மீட்டரையும் தாண்டும். மண் வெடிக்கும்போது அதனூடே செல்லும் மெல்லிய வேர்கள் அறுகின்றன. ஆண்டுதோறும் வேர் அறுபடும் மரம் ஆண்டுதோறும் புது வேர் விடுகின்றது. பொன்சாய் வளர்ப்பவர் தொட்டியில் கத்தரிக்கோலால் செய்யும் வேர்க் கவாத்தினை இங்கு மண்ணே செய்துவிடுகின்றது. பல இடங்களில் கரிசலுக்கு அடியில் சுக்கான் கல் அடுக்கு உள்ளது. ஆணிவேர் அதனைத் துளைக்க இயலாதபோது பக்கவாட்டில் திரும்புகின்றது. அத்தகைய மரத்தின் உயரமும் குறைவாகவே இருக்கும்.

இரண்டாவது காரணம் ஆடு. மேய்ச்சல் நிலத்தில் முளைக்கும் இலந்தை, விடத்தேரை, புளி ஆகியவற்றின் கன்றுகளை வெள்ளாடு ஒவ்வோராண்டும் கடித்துவிடும். கடிபட்ட இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று தளிர்கள் வெடிக்கும், அவையும் கடிபடும். இவ்வாறு இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்தபின் முழங்கால் உயரத்துக்கு மேல் எழாத, ஆனால் அடிமரம் மணிக்கட்டளவு பருத்த புதர் எஞ்சுகின்றது. அதன் நடுவிலுள்ள தளிர், சுற்றியுள்ள முட்களைத் தாண்டி ஆட்டுக்கு எட்டாத உயரத்தை அடைந்துவிட்டால் அன்றிலிருந்து அது மரமாகிவிடும். ஆட்டுக்காரரின் தொரட்டியும் இதில் பங்கு கொள்கின்றது. உடை, வெள்வேல் ஆகியவற்றின் கிளைகளைத் தொரட்டியால் வளைத்து அறுத்து ஆடுகளுக்குப் போடுவது கோடைக்காலத்து வழக்கம். அறுபட்ட கிளை பட்டு, வெயிலில் வெளுத்து, மரத்திலேயே நிற்கும்.

மூன்றாவது விறகு வெட்டு. சீமைக் கருவேலத்தின் இலைகளை ஆடு பெரும்பாலும் தின்பதில்லை; நெற்றுகளையே விரும்பித் தின்னும். ஆகவே அம்மரத்தைக் குட்டையாக்குவது அரிவாளே ஆகும். கரிமூட்டத்துக்காக மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு வெட்டப்படும் மரம் மீண்டும் தழைக்கும். பலமுறை வெட்டப்பட்ட தூர், முண்டும் முடிச்சுமாக அகன்று, நூற்றாண்டு கண்ட மரத்தின் அடியைப் போலத் தோற்றமளிக்கும்.

ஏற்ற மரங்கள்

கரிசல் நிலத்தில் காட்டுமரப் பொன்சாய்க்கு முதலில் எண்ணிப்பார்க்கத்தக்கது சீமைக் கருவேலம் (புரோசோபிஸ் ஜூலிஃப்லோரா) ஆகும். வேலிகாத்தான், வேலிக்கருவை ஆகிய பெயர்களும் இதற்கு உண்டு. மெக்சிக்கோ, நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் விதைகள் ஜமைக்காவிலிருந்து தருவிக்கப்பட்டு, 1877 இல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டன. பின்னர் விறகுக்காகவும் வேலிக்காகவும் பரப்பப்பட்ட இம்மரம் இன்று தென்மாவட்டங்களின் கண்மாய்களையும் தரிசுகளையும் நிறைத்துள்ளது. இதன் வேர்க்கழுத்தில் உறங்கும் மொட்டுகள் மிகுதி. மேல்மரத்தை முழுவதும் வெட்டினாலும் தூர் உயிருடன் இருக்கும்வரை மரம் சாவதில்லை. உழவர்களுக்குத் தொல்லையான இப்பண்பே பொன்சாய் வளர்ப்பவருக்கு உதவுகின்றது. வேரில் பெரும்பகுதியை இழந்த தூரும் தளிர்க்கக் கூடியது. வைரம் பாய்ந்த நடுமரம் எளிதில் மக்காது. முள்ளும், நீண்டு சாட்டைபோல் வளரும் கிளைகளும் இதன் குறைகளாகும். இம்மரத்தை ஏளனமாகப் பார்க்கும் வளர்ப்பாளர்கள் உள்ளனர். எனினும், எடுத்தால் எவருக்கும் இழப்பில்லாத மரம் இந்நிலத்தில் இதைப்போல் வேறொன்று இல்லை.

அடுத்து ஆல், அரசு, இச்சி ஆகிய அத்திக் குடும்ப மரங்கள். இவற்றின் பழங்களைத் தின்னும் பறவைகள் எச்சத்தோடு விதைகளைக் கிணற்றுச் சுவர்களிலும், பாலங்களிலும், கைவிடப்பட்ட வீடுகளிலும், கோயில் மதில்களிலும் இடுகின்றன. கரிசல் நிலத்துக் கிணறுகள் பலவும் கல் கட்டுடையவை. பாசனம் நின்றுபோன பாழ்க்கிணறுகளில் ஆலும் இச்சியும் கல்லிடுக்கில் வேர்விட்டுப் பல ஆண்டுகள் நிற்கின்றன. மண் அரிதாகையால் மரம் பெரிதாவதில்லை. வேர்களோ கல்லின்மேல் தட்டையாகப் படர்ந்து, அடிமரத்தைவிடப் பருத்துவிடுவதும் உண்டு. இத்தகைய மரம் வளர வளரக் கட்டடம் பிளக்கும். ஆதலால் திருப்பணியின்போதும் கட்டடச் சீரமைப்பின்போதும் இவை எப்படியும் வெட்டி நீக்கப்படுகின்றன. வெட்டுவதற்குமுன் கட்டட உரிமையாளரின் இசைவுடன் எடுத்துக்கொள்வது இருவருக்கும் பயனளிப்பதாகும். அத்திக் குடும்ப மரங்கள் சல்லிவேர் ஏறத்தாழ இல்லாமலேயே பிழைத்துக்கொள்ளக்கூடியவை. தொடங்குபவர்களுக்கு இவையே ஏற்றவை. அரசமரத்தின் இலை தொட்டியிலும் போதிய அளவு சிறுப்பதில்லை என்பதால் சிறு பொன்சாய்க்கு அது பொருந்தாது. ஆலும் இச்சியும் அவ்வகையில் எளியவை.

வேலிகளில் நிற்கும் கிளுவை மற்றொரு நல்ல மரம். போத்தாக நட்டு வேலியாக்கப்படும் இது பல ஆண்டுகள் கழித்து அடிபருத்து, தாள்போல் உரியும் பட்டையுடன் நிற்கும். நிலம் வீட்டுமனையாகும்போது வேலி முழுவதும் பிடுங்கி எறியப்படுவதால் கிடைப்பதும் எளிது. பருத்த துண்டும் வேர்பிடிக்கும். கோடையில் இலை முழுவதையும் உதிர்த்துவிடும் இயல்புடையதாகையால், அந்நாட்களில் மரம் பட்டுவிட்டதெனத் தவறாக எண்ணி நீரை மிகுதியாக ஊற்றி அழுகவிடுவோர் பலர்.

புளியும் கொடுக்காப்புளியும் சிறிய சிற்றிலைகளும் சொரசொரப்பான பட்டையும் உடையவை. ஆடு கடித்த புளியங்கன்று மிகச் சிறந்த பொன்சாயாகும். விடத்தேரை இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த இருநிறப் பூங்கொத்துக்காக விரும்பப்படுகின்றது. இலந்தை எடுக்கும்போது பட்டுப்போவது மிகுதி. வேம்பு பிழைக்கும், ஆனால் அதன் நீண்ட கூட்டிலையைச் சிறிதாக்குதல் கடினம்.

உடை எனவும் குடைவேல் எனவும் வழங்கும் மரம் (வச்செல்லியா பிளானிஃபிரான்ஸ்) இந்நிலத்தின் அடையாளம் எனலாம். ஆள் உயரத்தைச் சற்றே தாண்டி, விரித்த குடையைப் போலத் தட்டையான தலையுடன் நிற்கும் இம்மரத்தைப் பார்க்கும் எவரும் இது பொன்சாய்க்கெனவே படைக்கப்பட்டது என்று எண்ணக்கூடும். ஆனால் இதன் ஆணிவேர் நேராகக் கீழிறங்கும். மேல்மண்ணில் பிடிவேர்கள் குறைவு. முதிர்ந்த உடையைப் பெயர்த்து உயிர்ப்பிப்பது மிகவும் அரிது. இதனை விதையிலிருந்து வளர்ப்பதே முறை. வன்னியும் அவ்வாறே. அதன் வேர் முப்பது மீட்டருக்கும் மேல் ஆழம் செல்லக்கூடியது. சிவன் கோயில்கள் பலவற்றில் தல மரமாக விளங்கும் வன்னி, வெளியில் அருகிவருகின்றது. முதிர்ந்த வன்னியைத் தோண்டுவது, கிடைக்காத ஒரு பொன்சாய்க்காக இருக்கும் ஒரு மரத்தை இழப்பதாகவே முடியும்.

பெயர்த்தெடுத்தல்

கரிசலில் மரம் எடுப்பதற்கு மண்ணின் ஈரமே நாள் குறிக்கின்றது. நடுமழையில் குழி தோண்டினால் சேறு மண்வெட்டியைவிட்டு அகலாது. கோடையில் மண் பாறையாக இறுகிவிடும். கடப்பாரையால் உடைக்கும்போது வேர் மண்கட்டியோடு முறியும். மழை ஓய்ந்து மண் உதிரும் பதத்துக்கு வரும் மார்கழி இறுதி, தை ஆகிய நாட்கள் தோண்டுவதற்கு எளியவை. தை, மாசியில் வெப்பம் மெல்ல ஏறும்போது தளிரும் வேரும் வளரத் தொடங்கும் என்பதும் இப்பருவத்தின் நன்மையாகும். கிணற்றுச் சுவர் ஆலுக்கும் இச்சிக்கும் இக்கட்டுப்பாடு இல்லை. வெப்பமும் காற்றில் ஈரமும் உள்ள எந்த நாளும் அவற்றுக்கு ஏற்றதே.

மதிப்புமிக்க முதிர்ந்த மரத்தை ஒரே நாளில் எடுப்பதில்லை. முதலாண்டு புரட்டாசியில், மழைக்கு முன்னர், அடிமரத்தின் விட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு தொலைவில் அரைவட்டமாகப் பள்ளம் வெட்டி, குறுக்கிடும் வேர்களைக் கூரிய இரம்பத்தால் நேராக அறுத்து, பள்ளத்தை மணலும் மட்கும் கலந்து நிரப்புவர். வரும் மழையில் அறுபட்ட முனைகளிலிருந்து சல்லிவேர்கள் தோன்றும். மறு ஆண்டு மற்றைய அரைவட்டம். அதற்கடுத்த தையில் ஆணிவேரை அறுத்து மரம் தூக்கப்படும். மேல்கிளைகளைப் புதுவேரின் அளவுக்கேற்பக் குறைக்கவேண்டும். ஆயினும் தளிரிருக்கும் கிளைகள் அனைத்தையும் வெட்டிவிடலாகாது. பட்டையின் கீழ் மொட்டு வெடிக்காத மரவகைகள் அவ்வாறு வெட்டினால் மீள்வதில்லை. சீமைக் கருவேலமும் அத்திக் குடும்ப மரங்களும் இதற்கு விலக்கு.

எடுத்த வேர் வெயிலும் காற்றும் படாமல் நனைந்த சாக்கில் சுற்றப்படவேண்டும். மரங்கள் சாவதற்குப் பெருங்காரணம் தோண்டும்போது ஏற்படும் காயமன்று. குழியிலிருந்து தொட்டிக்குச் செல்லும் வழியில் சல்லிவேர் காய்ந்துபோவதே ஆகும். திறந்த வண்டியில் அரைமணி நேரம் காற்றடித்தாலே போதும்.

இன்று சீமைக் கருவேலங் காடுகள் பொக்லைன் இயந்திரத்தால் அழிக்கப்படும் இடங்களில் நூற்றுக்கணக்கான தூர்கள் வரப்போரம் குவிக்கப்படுகின்றன. அவற்றுள் அன்று பெயர்த்த தூர்களைத் தேர்ந்தெடுப்பவருக்குத் தோண்டும் வேலையும் இல்லை. இயந்திரப் பல் பட்டுப் பிளந்த வேர்களை நல்ல பகுதிவரை அறுத்துவிட்டால் போதும்.

தேற்றுதல்

எடுத்த மரத்தை உடனே தட்டையான பொன்சாய்த் தொட்டியில் வைத்தல் பிழையாகும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆழமான மண்தொட்டியிலோ மரப்பெட்டியிலோ வைக்கவேண்டும். கரிசல் மண் தொட்டிக்குப் பொருந்தாது. வயலில் ஈரத்தைக் காத்து மரத்தை வாழவைத்த அதே களிமம், தொட்டிக்குள் நீர் வடியவிடாமல் வேரை அழுகச்செய்கின்றது. உடைத்துச் சலித்த செங்கல் சில்லு, ஆற்றுச் சரளை, சிறிது செம்மண், சிறிது மட்கு ஆகியவை கலந்த, நீர் உடனே வடியும் கலவை ஏற்றது. வேரோடு ஒட்டிய கரிசலை நீர் பீய்ச்சிக் கழுவலாம். எனினும் வேல், சீமைக் கருவேலம் போன்ற அவரைக் குடும்ப மரங்களின் வேரில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் நுண்ணுயிரிகள் வாழ்வதால், பழைய மண்ணில் ஒரு பிடியைப் புதுக்கலவையில் சேர்ப்பது வழக்கம்.

நீரும் கவனிக்கத்தக்கது. கரிசல் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பானது. நிலத்தில் மழை அந்த உப்பைக் கழுவிவிடும். தொட்டியில் அது தங்கி, இலை நுனியைக் கருக்கும். மழைநீரைத் தேக்கி ஊற்றுவோரும், குழாயில் வரும் தாமிரபரணி நீரை ஊற்றுவோரும் இத்தொல்லையிலிருந்து தப்புகின்றனர்.

மரத்தை நிழலில், காற்று மோதாத இடத்தில் வைத்து, பாலித்தீன் உறையால் மூடி ஈரம் காப்பர். மூன்று நான்கு வாரங்களில் தளிர் தோன்றும். புதியவர்கள் மரம் பிழைத்துவிட்டதென மகிழ்ந்து உறையை நீக்கி வெயிலில் வைப்பதும், உரமிடுவதும் இந்நேரத்திலேயே. இத்தளிர் பெரும்பாலும் அடிமரத்தில் சேமித்துவைக்கப்பட்ட மாவுச்சத்தைக்கொண்டு வெடிப்பது. வேரின் உதவியால் வந்ததன்று. வேர் தோன்றுமுன் சேமிப்புத் தீர்ந்துபோனால் தளிர் ஒரே நாளில் தொங்கிவிடும். அதன்பின் மரம் மீள்வது அரிது. இரண்டாவது முறையாகத் தளிர்த்து, அத்தளிர் நீண்டு, தண்டு முற்றும்போதே வேர் பிடித்ததெனக் கொள்ளலாம். அதுவரை மரத்தை அசைத்துப் பார்த்தலும் கூடாது. நூலிழை போன்ற புதுவேர்கள் அசைவில் அறும்.

வடிவமைத்தல்

ஓராண்டேனும் தடையின்றி வளர்ந்த மரத்திலேயே வடிவமைப்புத் தொடங்கும். மரத்தின் முன்பக்கம் எது என்பதை முதலில் முடிவு செய்வர். மண்ணுக்குமேல் தெரியும் வேர்ப்பரப்பு (நெபாரி), தண்டின் வளைவு, வடுக்கள் ஆகியவை நன்கு தெரியும் பக்கமே முன்பக்கமாகும்.

கிளைகளை வளைக்க அலுமினியம் அல்லது செம்புக் கம்பி சுற்றப்படுகின்றது. குளிர்நாடுகளில் கம்பி ஓராண்டுக்குமேல் இருக்கலாம். கரிசல் வெயிலில் ஆலங்கிளை இரண்டு மூன்று மாதத்தில் பருத்து, கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். வேல் இனங்களின் கிளை முற்றியபின் வளைத்தால் முறியும். பச்சையாக இருக்கும்போதே வளைக்கவேண்டும். இக்காரணங்களால், தென்சீனாவின் லிங்னான் வழியினர் கையாளும் முறை இங்கு மிகவும் பொருந்துகின்றது. அம்முறையில் கம்பி பெரிதாகப் பயன்படுவதில்லை. கிளையை நீளமாக வளரவிட்டு, வேண்டிய திசை நோக்கிய மொட்டுக்கு மேல் வெட்டி, அதிலிருந்து வருவதை மீண்டும் வளரவிட்டு வெட்டுவர். ஒவ்வொரு வெட்டிலும் கிளை திசைமாறிச் சிறுக்கும். ஆடு செய்வதும் இதுவேயாகும்.

பட்டுப்போன கிளையும் தண்டும் காட்டு மரத்துக்கு அழகு சேர்ப்பவை. பட்ட கிளை ஜின் எனவும், பட்டை உரிந்து மரம் தெரியும் தண்டுப்பகுதி ஷாரி எனவும் அழைக்கப்படும். இப்பகுதிகளைச் செதுக்கிச் சுண்ணாம்பு-கந்தகக் கரைசல் பூசுவர். வைரம் பாய்ந்த வேல், சீமைக் கருவேலம், புளி ஆகியவற்றில் இது நிலைக்கும். ஆல், இச்சி, கிளுவை ஆகியவற்றின் மென்மரம் ஓரிரு மழைக்காலத்தில் மக்கி, கரையானுக்கு இரையாகும். அவற்றில் வெட்டுக்காயத்தை ஆறவிட்டுப் பட்டையால் மூடச் செய்வதே நன்று.

எந்த வடிவத்தைப் பின்பற்றுவது என்பதில் கருத்துவேறுபாடு உண்டு. ஜப்பானிய நூல்கள் காட்டும் முக்கோணத் தலை, பனிச்சுமையால் தாழ்ந்த கிளைகளையுடைய ஊசியிலை மரத்தின் வடிவம். பனி விழாத நாட்டின் வேலமரத்தை அவ்வடிவத்தில் வளர்ப்பது பொருந்தாத் தோற்றத்தைத் தருகின்றது. தென்னாப்பிரிக்காவில் சார்ல்ஸ் செரோனியோ என்பவர் அந்நாட்டு வேலமரங்களின் தட்டைத்தலை வடிவத்தைப் பொன்சாய் வகையாக வகுத்தார். குடைபோன்ற மற்றொரு வடிவம், அத்தகைய மரங்களை வரைந்த ஓவியர் பியர்னீஃபின் பெயரால் வழங்குகின்றது. எட்டயபுரம் சாலையில் நிற்கும் உடைமரத்தைப் பார்த்தவருக்கு இவ்வடிவங்கள் புதியனவல்ல. விழுதுவிட்ட ஆல், தொரட்டி பட்ட வெள்வேல், கடலை நோக்கி வீசும் காற்றில் ஒருபக்கம் சாய்ந்த புளி ஆகியவையும் இந்நிலம் தரும் வடிவங்களே.

சட்டமும் ஒழுங்கும்

மனிதர் நடாத மரம் எவருக்கும் உரியதன்று என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு. பட்டா நிலத்து மரம் நில உரிமையாளருடையது. புறம்போக்கு, கண்மாய், சாலையோரம் ஆகியவற்றின் மரங்கள் வருவாய்த்துறை, உள்ளாட்சி, பொதுப்பணி, நெடுஞ்சாலை முதலிய துறைகளின் பொறுப்பில் உள்ளவை. கண்மாய்களில் நிற்கும் நாட்டுக் கருவேலங்களுள் பல, சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ் வனத்துறையால் நடப்பட்டவை. எடுப்பதற்குமுன் உரியவரிடம் எழுத்தில் இசைவு பெறவேண்டும்.

காப்புக்காடுகளில் மரத்தைப் பெயர்த்தல் தமிழ்நாடு வனச் சட்டம், 1882 இன்படி குற்றமாகும். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள குருமலை இத்தகைய காப்புக்காடு. தூத்துக்குடி-திருநெல்வேலிச் சாலையை ஒட்டியுள்ள வல்லநாடு வெளிமான் சரணாலயம் 1987 இல் அமைக்கப்பட்டது. உடைமரப் புதர்கள் நிறைந்த அச்சிறு குன்று, வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடமாகும். சரணாலயங்களில் செடிகொடிகளை எடுப்பதற்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 தடைவிதிக்கின்றது. கழுகுமலையின் வெட்டுவான் கோயில், சமணச் சிற்பங்கள் போன்ற தொல்லியல் சின்னங்கள் உள்ள பாறைகளில் முளைத்த ஆலும் இச்சியும் கட்டடத்துக்குக் கேடு செய்பவையே எனினும், அவற்றை நீக்கும் பணி அச்சின்னங்களைப் பராமரிக்கும் துறைக்கே உரியது. வேரைப் பிடுங்கும்போது சிற்பமும் பெயர்ந்துவரக்கூடும்.

இசைவு கிடைத்த இடத்திலும் எடுக்கலாகாத மரங்கள் உண்டு. மேய்ச்சல் நிலத்தில் தனித்து நிற்கும் முதிர்ந்த மரம் ஆட்டுக்காரருக்கு நிழலாகவும் பறவைகளுக்குக் கூடாகவும் விளங்குவது. சுற்றிலும் கன்று இல்லாத இடத்தில் அதுவே விதை மரமும் ஆகும். எண்ணிக்கை மிகுந்த இடத்தில் ஒன்றை எடுத்தல், குழியை மூடுதல், அவ்வினத்தின் விதைகளை அங்கேயே இடுதல் ஆகியவற்றைப் பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் கடைப்பிடிக்கின்றனர். எடுத்தவற்றுள் எத்தனை பிழைத்தன என்று கணக்கு வைத்துக்கொள்வதும் நன்று. காட்சிக்கு வைக்கப்படும் ஒரு மரத்துக்குப் பின்னால் பட்டுப்போனவை எத்தனை என்பது பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

சீமைக் கருவேலத்தின் நிலை வேறு. 2017 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்றுவது தொடர்பாக ஆணைகளைப் பிறப்பித்தது. 2022 இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களை நீக்கி நிலத்தை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. அவ்வாறு அகற்றப்படும் தூர்கள் இன்று கரிமூட்டத்துக்கும் செங்கற்சூளைக்கும் செல்கின்றன. தொட்டியில் வளர்க்கும்போதும் இம்மரத்தில் ஒரு கவனம் தேவை. காய்க்கவிட்டால் நெற்றைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை மீண்டும் நிலத்துக்குப் போய்ச்சேரும். ஆகையால் பூத்தவுடன் பூங்கதிர்களைக் கிள்ளிவிடுதல் வேண்டும்.